பலதரப்பட்டவர்களை வேலைக்கு எடுக்க ஐந்து வழிகள்: எதில் முதலில் கை வைப்பது?

"எங்கள் மெஷின் ஷாப்பில் ஒரு பெண்கூட இல்லை, எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறார் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். மேலாளர். "ஆண் நர்ஸ்கள் சேர்வதே அபூர்வம், சேர்ந்தவர்களும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை" என்கிறார் ஓர் ஆஸ்பத்திரி நிர்வாகி. ஒயரிங் கான்ட்ராக்டருக்கோ எரிச்சல்: "ஆள் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கிறது, இதில் பலதரப்பட்ட ஆளுக்கு நான் எங்கே போக?" மூவருக்கும் சிக்கல் ஒன்றுதான். யோசனைகள் பத்து வருகின்றன, கையில் இருக்கும் பணமும் நேரமும் இரண்டுக்குத்தான் போதும்.

பொதுவாகப் பேசப்படும் வழிகள் ஐந்து: ஆள் தேடும் இடத்தை விரிப்பது, தேர்வு முறையைத் திருத்துவது, ஆளை எடுத்து நாமே பயிற்சி கொடுப்பது, வேலையையும் பணியிடத்தையும் மாற்றுவது, எண்ணிக்கையில் இலக்கு வைப்பது. ஆறாவதாக விழிப்புணர்வு வகுப்பு என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு பத்தி போதும். பலதரப்பட்டவர்கள் என்று இங்கே சொல்வது பெண்களை மட்டும் அல்ல. மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மை இனத்தவர், வயதில் மூத்தவர்கள், வேறு நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள், நர்ஸிங்கில் ஆண்கள் என்று எல்லோரும் இதில் அடக்கம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: இந்த வழி எந்த ஓட்டையை அடைக்கிறது? ஆட்கள் மூன்று இடங்களில் கழன்றுகொள்கிறார்கள். சிலர் விண்ணப்பிக்கவே வருவதில்லை. சிலர் விண்ணப்பித்துத் தேர்வில் கழிக்கப்படுகிறார்கள். சிலர் சேர்ந்து சில மாதங்களில் விட்டுப் போகிறார்கள். எந்த இடத்தில் கழல்கிறார்கள் என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். கடந்த இரண்டு வருடத்து விண்ணப்பங்கள், தேர்வானவர்கள், விலகியவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும். அமெரிக்காவில் 1978-ல் வேலைத் தேர்வுகளைச் சோதிக்க ஐந்தில் நான்கு விதி என்று ஒன்றை வகுத்தார்கள். ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகமாகத் தேர்வாகும் பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் அந்தத் தேர்வைச் சந்தேகிக்க வேண்டும். 60 ஆண்கள் விண்ணப்பித்து 30 பேர் தேர்வானார்கள், 20 பெண்கள் விண்ணப்பித்து 6 பேர் தேர்வானார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களில் 50 சதவீதம், பெண்களில் 30 சதவீதம். 30-ஐ 50-ஆல் வகுத்தால் 0.6 வருகிறது, 0.8-க்கு நன்றாகவே கீழே. இந்த நிறுவனம் பெண்களின் விண்ணப்பம் குறைவு என்று விளம்பரத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் தன் தேர்வைத்தான் திறந்து பார்க்க வேண்டும். விண்ணப்பித்ததே நான்கைந்து பேர் என்றால் இந்தக் கணக்கு எதையும் சொல்லாது, அப்போது கதையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலகியவர்கள் விஷயத்தில் ஒன்று. ராஜினாமாக் கடிதத்தில் இருக்கும் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம். சூப்பர்வைசர் அல்லாத ஒருவர், ஓரிரு மாதம் கழித்து, போனில் கூப்பிட்டுக் கேட்டால் வேறு பதில் வரும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்? வெளியே தெரியாத செலவு என்ன? ஆர்வமாக முன்னின்று நடத்தியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் இது நிற்குமா? இருபது பேர் இருக்கும் பட்டறையால் இதைச் செய்ய முடியுமா? உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா?

| வழி | எந்த ஓட்டைக்கு | பலன் தெரிய | மறைந்திருக்கும் செலவு | ஆள் மாறினாலும் நிற்குமா |
|---|---|---|---|---|
| ஆள் தேடும் இடத்தை விரிப்பது | விண்ணப்பமே வராதது | சில மாதம் | இருக்கும் ஒரு சிலரின் நேரம், கெட்ட பெயர் | பெரும்பாலும் நிற்காது |
| தேர்வு முறையைத் திருத்துவது | தேர்வில் கழிவது | அடுத்த ஆள் எடுப்பிலேயே | மூத்த தொழிலாளர்களின் நேரம், உள்ளே எழும் முணுமுணுப்பு | எழுதி வைத்தால் நிற்கும் |
| நாமே பயிற்சி கொடுப்பது | தகுதியான ஆளே வெளியில் இல்லாதது | 2 முதல் 5 வருடம் | படிக்கும்போது அவர் இடத்தில் நிற்க மாற்று ஆள் | ஒப்பந்தம் இருந்தால் நிற்கும் |
| வேலையை மாற்றுவது | சேர்ந்தவர் விலகுவது | சில வாரம் முதல் ஒரு வருடம் | ஷிப்ட் அட்டவணைச் சிக்கல் | நன்றாக நிற்கும் |
| இலக்கு, ஒதுக்கீடு | மூன்றுக்கும், மறைமுகமாக | ஒன்றிரண்டு வருடம் | எண் விளையாட்டு, சட்டச் சிக்கல் | சட்டம் இருக்கும்வரை |

## 1. ஆள் தேடும் இடத்தை விரிப்பது

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். காரணம் எளிது: நிறுவனத்துக்குள் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். புதிய பள்ளிகளுக்குப் போவது, சமூக அமைப்புகளோடு கைகோப்பது, விளம்பர வாசகத்தை மாற்றுவது. நியூயார்க்கில் 1978-லிருந்து பெண்களைக் கட்டுமானத் தொழில்களுக்குத் தயார்செய்து அனுப்பும் 'நான்ட்ரெடிஷனல் எம்ப்ளாய்மென்ட் ஃபார் விமன்' போன்ற அமைப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. அங்கே வருபவர்கள் ஏணி ஏறிப் பார்த்து, கருவி பிடித்துப் பார்த்து, இந்த வேலை வேண்டும் என்று முடிவெடுத்து வந்தவர்கள்.

கைத்தொழில்களில் நிறைய ஆட்கள் "தெரிந்த பையன்" என்ற சிபாரிசில்தான் வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. சிபாரிசு நல்ல ஆளைத் தரும், ஆனால் ஏற்கனவே இருப்பவர்களைப் போலவே இருக்கும் ஆளைத் தரும். சிபாரிசை நிறுத்தச் சொல்லவில்லை. சிபாரிசில் வருபவரும் மற்றவர்கள் எழுதும் அதே தேர்வை எழுதட்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. இருக்கும் ஒரே பெண் வெல்டர் எல்லா போஸ்டரிலும் சிரிக்க வேண்டியிருக்கும், எல்லாக் கல்லூரி விழாவுக்கும் போக வேண்டியிருக்கும், அந்த நாட்களின் வெல்டிங் வேலை மேஜையில் குவிந்து கிடக்கும். இரண்டாவது இன்னும் மோசம்: அழைத்துவந்தவர்கள் தேர்வில் கழிக்கப்பட்டாலோ, மூன்றே மாதத்தில் ஓடிப்போனாலோ அந்தச் செய்தி வந்த வழியே திரும்பிப் போகும். அடுத்த வருடம் அந்த அமைப்பு உங்கள் போனை எடுக்காது.

விண்ணப்பித்தவர்கள் தேறுகிறார்கள், தேறியவர்கள் தங்குகிறார்கள், விண்ணப்பம்தான் குறைவு என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட இடங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

## 2. தேர்வு முறையைத் திருத்துவது

வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் மின் நிலையம். அங்கே கறுப்பினத் தொழிலாளர்கள் 'லேபர்' பிரிவில் மட்டுமே இருந்தார்கள். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. மற்றப் பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்று 1955-லேயே விதி வந்தது. 1965-ல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில் கம்பெனி இரண்டு திறன் தேர்வுகளையும் சேர்த்தது. ஆனால் சான்றிதழ் விதி வருவதற்கு முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் தொடுத்த கிரிக்ஸ் வழக்கில் 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஒரு பிரிவினரை அதிகமாகக் கழிக்கிறது என்றால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அது செல்லாது.

கனடாவில் டானி மெயோரின் என்ற பெண்ணின் கதை வேறு விதம். காட்டுத்தீ அணைக்கும் வேலையை நன்றாகவே செய்துவந்தவர். பிறகு புதிதாக ஓட்டத் தேர்வு வந்தது: 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவருக்கு 49.4 விநாடி கூடுதலாக ஆனது, வேலை போனது. 1999-ல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நேரத்துக்குள் ஓட முடியாதவரால் பத்திரமாகத் தீயணைக்க முடியாது என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை.

உங்கள் தேர்வில் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். தூக்கும் சோதனைகள் நல்ல உதாரணம். கைகளால் தூக்கும் வேலைக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வகுத்த சூத்திரத்தில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் எடை 23 கிலோவில் நின்றுவிடுகிறது. உங்கள் சோதனையில் 40 கிலோ மூட்டை இருக்கிறதென்றால், ஆண்களும் தூக்கக் கூடாத எடையை வைத்துப் பெண்களைக் கழிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் வேண்டியது பலசாலி அல்ல, பளு தூக்கும் ஒரு ஹாய்ஸ்ட் கருவி.

பெயரும் ஒரு வடிகட்டிதான். 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்கள் போயின. தகுதிகள் ஒரே மாதிரி, பெயர்கள் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. இதற்கு மருந்து பெயரை மறைப்பதுதான் என்று பலர் சொல்வார்கள். அலுவலக வேலைக்குச் சரி. கைத்தொழிலில் அதைவிடச் சுலபமான வழி கையிலேயே இருக்கிறது: வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. ஒயர் செல்லும் ஒரு கான்டுயிட் குழாயைக் கொடுத்து வரைபடத்தில் உள்ளபடி வளைக்கச் சொல்லுங்கள். ஒரு பழுதான மோட்டார் இணைப்பைக் கொடுத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் தாளை முன்னாலேயே அடித்து வையுங்கள். நேர்காணலிலும் எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. "கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா" என்று ஒருவரிடம் மட்டும் கேட்கும் கேள்வி அந்தத் தாளில் இடம்பிடிக்க முடியாது.

இதன் எல்லைவரை போனவர்களும் உண்டு. 1982-ல் தொடங்கிய, நியூயார்க் மாநிலத்தின் யான்கர்ஸில் உள்ள கிரேஸ்டன் பேக்கரி, நேர்காணலே இல்லாமல், முன் வரலாறு கேட்காமல், பெயர் கொடுத்த வரிசையில் ஆள் எடுப்பதற்குப் பேர் போனது. சிறையிலிருந்து வந்தவர்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகு பயிற்சிக் காலத்தில் நிரூபிக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது, மருத்துவத்தில் உரிமம் இல்லாமல் யாரையும் நர்ஸாகவோ டாக்டராகவோ எடுக்க முடியாது. ஆனால் உரிமத்துக்கு மேல் நாம் சேர்க்கும் நிபந்தனைகளை அலசலாம். "இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம்" என்ற ஒரு வரி, வெளிநாட்டில் பத்து வருடம் வேலை பார்த்த நர்ஸைத் துப்புரவு வேலைக்கு அனுப்பிவிடுகிறது.

செலவு பணத்தில் பெரிதாக இல்லை. மூத்த ஃபிட்டரை அரை நாள் இயந்திரத்திலிருந்து எடுத்துச் சோதனைக்கு உட்கார வைக்க வேண்டும். அப்புறம் "தரத்தைக் குறைக்கிறார்கள்" என்ற முணுமுணுப்பு. இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. புதுச் சோதனையை இருக்கும் ஆட்களில் சிலருக்கும் கொடுத்துப் பாருங்கள். பழைய தேர்வைவிட இது கடினம் என்று அவர்களே சொல்வார்கள்.

இருபது பேர் பட்டறையும் இதை நாளையே செய்யலாம். ஐந்து வழிகளில் செலவுக்கு ஈடாக அதிகம் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

## 3. ஆளை எடுத்து நாமே பயிற்சி கொடுப்பது

சில நேரம் தேர்வில் குற்றமே இருக்காது. தகுதி உள்ளவர்கள் கூட்டத்திலேயே அந்தப் பிரிவினர் இருக்க மாட்டார்கள்.

லூசியானாவின் கிராமர்சியில் கைசர் அலுமினியம் ஆலையில் 1974 வரை அனுபவமுள்ள கைவினைஞர்களை மட்டும் வெளியிலிருந்து எடுத்தார்கள். கறுப்பினத்தவரைக் கைத்தொழில் சங்கங்கள் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளாததால் அவர்களுக்கு அனுபவம் கிடைக்க வழியே இல்லை. அந்தப் பகுதித் தொழிலாளர்களில் 39 சதவீதம் கறுப்பினத்தவர். ஆலையின் 273 தேர்ச்சிபெற்ற கைவினைஞர்களில் கறுப்பினத்தவர் 5 பேர். ஆலையும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி, உள்ளே இருக்கும் சாதாரணத் தொழிலாளர்களையே எடுத்துப் பயிற்சி கொடுப்பது, அதில் பாதி இடம் கறுப்பினத்தவருக்கு என்று முடிவெடுத்தார்கள். முதல் வருடம் எடுத்த 13 பேரில் 7 பேர் கறுப்பினத்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1979-ல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

பலரும் அந்த வழக்கில் ஒதுக்கீட்டைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது மற்றப் பாதி: பயிற்சி தொடங்கியதால் அனுபவம் இல்லாத வெள்ளையர் 6 பேருக்கும் அதே வருடம் கதவு திறந்தது. "எங்களுக்கு என்ன லாபம்" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆஸ்பத்திரிகளில் இந்த வழிக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே பலதரப்பட்டவர்கள் இல்லை என்று சொல்லவே முடியாது. எல்லோரும் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி உலகச் சுகாதாரப் பணியாளர்களில் பெண்கள் சுமார் 70 சதவீதம், மேல்மட்டப் பொறுப்புகளில் 25 சதவீதம். வெளியே போய் ஆள் தேடுவதைவிட, வார்டு உதவியாளரை நர்ஸாக்கும் ஏணியைப் போடுவது அங்கே பொருத்தம். நோயாளியின் மொழி தெரிந்த, நைட் ஷிப்ட்டுக்குப் பழகிய, ஆஸ்பத்திரியின் மூலைமுடுக்கு தெரிந்த ஆள் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,300 கறுப்பின ஆண்களில் யாருக்கு எந்த டாக்டர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். கறுப்பின டாக்டரைச் சந்தித்தவர்கள், ரத்தம் எடுக்க வேண்டிய சர்க்கரை, கொலஸ்ட்ரால் சோதனைகளுக்கு அதிகமாக ஒத்துக்கொண்டார்கள்.

செலவு என்றால் இதுதான் ஐந்திலும் பெரியது. பயிற்சிக் கட்டணத்தைப் பட்ஜெட்டில் எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது: அவர் வகுப்பில் இருக்கும்போது வார்டில் நிற்க மாற்று ஆள், படிப்புக் காலத்தில் குறையும் ஓவர்டைம் வருமானம், மாலை வகுப்பு நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது, சொல்லிக்கொடுக்கும் மூத்த தொழிலாளியின் குறைந்த உற்பத்தி. எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் (தொழில் பழகுபவர்) முழுத் தொழிலாளியாக நான்கைந்து வருடம் ஆகலாம். இடையில் நிதி நின்றால் பாதியில் விட்டவருக்கு நஷ்டம் அதிகம். பயிற்சி முடிந்ததும் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவாரே என்ற பயம் நியாயமானது. பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போடுவதைவிட, முடித்த நாளிலேயே சம்பளம் ஏறும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நன்றாக வேலை செய்யும்.

ஐந்து வருடம் இருந்து நடத்தும் நம்பிக்கை உள்ள நிறுவனத்துக்கு இது சரி. சிறு கான்ட்ராக்டர் தனியாக இறங்க வேண்டாம், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு அப்ரண்டிஸைச் சுழற்சியில் வைத்துக்கொள்ளலாம்.

## 4. வேலையையும் பணியிடத்தையும் மாற்றுவது

பெண்களோ சிறிய உடல்வாகு உள்ள ஆண்களோ டிரில்லிங் இயந்திரத்தில் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். கையுறையின் விரல் நுனிகளில் அரை அங்குலம் காலியாக மடங்கி நிற்கும். சிறிய நட்டைப் பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் எடுப்பார்கள். சூப்பர்வைசர் அதைப் பார்த்து "பாதுகாப்பு விதியை மதிப்பதில்லை" என்று எழுதுவார். உயரத்தில் ஏறுபவருக்கு, விழுந்தால் தாங்கும் பட்டைக் கச்சையான ஹார்னெஸைப் பெரிய அளவில் கொடுப்பது இன்னும் ஆபத்து. பட்டைகள் உடம்போடு பொருந்தாவிட்டால் விழும்போது அது தாங்க வேண்டிய இடத்தில் தாங்காது. அமெரிக்காவில் கட்டுமானத் துறைப் பாதுகாப்புச் சாதனங்கள் ஒவ்வொருவருக்கும் அளவாகப் பொருந்த வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிய விதியே 2025 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. இவ்வளவு தாமதம்.

சரி, இதனால் எவ்வளவு மாறும்? ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ 2007-ல் டிங்கோல்ஃபிங் ஆலையில் செய்த சோதனை இந்தத் தலைப்பில் எனக்குப் பிடித்த உதாரணம். பத்து வருடம் கழித்துத் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, இப்போதே ஒரு லைனில் அந்தச் சராசரி வரும்படி ஆட்களை நிறுத்தினார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களிடமே கேட்டார்கள். முழங்கால் வலிக்கு மரத் தரை, சில இடங்களில் உட்கார்ந்து வேலை செய்ய முடிதிருத்தும் கடை நாற்காலி மாதிரி ஒன்று, நுணுக்கமான பாகத்துக்குப் பூதக்கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து என்று மொத்தம் 70 சின்ன மாற்றங்கள். செலவு சுமார் 40,000 யூரோ. ஒரு வருடத்தில் அந்த லைனின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறி, இளைஞர்கள் நிற்கும் லைன்களுக்குச் சமமாக வந்தது.

நாற்காலியும் பூதக்கண்ணாடியும் வயதானவருக்கு என்று எழுதி ஒட்டவில்லை என்பதுதான் இதில் நுட்பம். நோயாளியைத் தூக்கும் லிஃப்ட் வார்டுக்கு வந்தால் எல்லா நர்ஸின் முதுகும் தப்பிக்கிறது. அதோடு ஆண் நர்ஸின் பெரிய மனக்குறை ஒன்றும் தீரும்: கனமான நோயாளி, முரண்டு பிடிக்கும் நோயாளி என்றாலே "அவரைக் கூப்பிடு" என்று ஷிப்ட் முழுக்க ஓட வைப்பது. அமெரிக்காவில் 1970-ல் நர்ஸ்களில் 2.7 சதவீதமாக இருந்த ஆண்கள் 2011-ல் 9.6 சதவீதம் ஆனார்கள். நாற்பது வருடத்தில் இவ்வளவுதான். உடை மாற்ற இடம் இல்லாமல் ஸ்டோர் ரூமில் மாற்றிக்கொள்ளும் ஆண் நர்ஸ் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் இது ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

கழிப்பறை, உடைமாற்றும் அறை, தாய்ப்பால் எடுத்து வைக்க ஓர் இடம் ஆகியவற்றைச் "சலுகை" என்ற தலைப்பில் எழுதாமல் பராமரிப்புச் செலவில் எழுதுங்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் அடுத்த பட்ஜெட் வெட்டில் தப்பிக்கும்.

ஷிப்ட்தான் கடினமான பகுதி. காலை 6 மணி ஷிப்ட்டுக்கு பெரும்பாலான குழந்தைக் காப்பகங்கள் திறந்திருக்காது. 7:30-க்கு ஒரு ஷிப்ட் தொடங்கினால் இரண்டு ஷிப்ட்டுகள் சந்திக்கும் இடத்தில் ஆள் பற்றாக்குறை வரும், பஸ் நேரம் மாறும், யாருக்குக் கிடைக்கும் என்று சண்டை வரும். இந்த ஒன்றில் மட்டும் முன்யோசனை இல்லாமல் இறங்க வேண்டாம். ஒரு பிரிவில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள், விரும்பும் எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுங்கள், பெண்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்களை நான்கு ஷிப்ட்டில் ஒவ்வொருவராகப் போடுவது நிர்வாகத்தின் பழக்கம். "எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள்" என்று காட்டலாம். ஒரு குழுவில் 15 சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்கள் தனி ஆளாகப் பார்க்கப்படாமல் தங்கள் பிரிவின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறார்கள் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-லேயே விளக்கினார். நான்கு பேரையும் இரண்டு ஷிப்ட்டில், இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

சேர்ந்தவர்கள் விலகும் இடங்களுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது.

## 5. இலக்கு, ஒதுக்கீடு

இந்த வழியில் முதலில் பார்க்க வேண்டியது சட்டம். ஒரு நாட்டில் கட்டாயமானது அடுத்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் 5 சதவீத இடம் கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு, இல்லாவிட்டால் தொகை கட்ட வேண்டும். ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கு அந்த விகிதம் 2024 ஏப்ரலில் 2.5 சதவீதம் ஆனது. அமெரிக்காவிலோ மருத்துவக் கல்லூரி உட்படக் கல்லூரிகளில் இனத்தைப் பார்த்து மாணவர்களைச் சேர்ப்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. வேலையில் சம வாய்ப்புத் தரச் சொல்லி அரசு ஒப்பந்ததாரர்களுக்கு 1965 முதல் இருந்த ஆணை 2025 ஜனவரியில் ரத்தானது. ஆகவே வேறு நாட்டுத் திட்டத்தைப் படித்துவிட்டு அப்படியே இறக்க வேண்டாம். வழக்கறிஞர் கட்டணத்தையும் செலவில் எழுதுங்கள்.

இலக்கின் பலம், அது மேலிருப்பவர்களைக் கேள்வி கேட்க வைக்கும். பலவீனம், எண்ணை மட்டும் சரிசெய்யும் ஆசையையும் அது கிளப்பும். 2018-ல் ஜப்பானில் மத்திய அமைச்சகங்களே தகுதியில்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களை மாற்றுத்திறனாளிகள் கணக்கில் காட்டியது வெளியே வந்தது. வேறு ஒரு வகைத் தோல்வியும் உண்டு: யாரும் ஏமாற்றவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. அமெரிக்க அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் வேலை நேரத்தில் 6.9 சதவீதம் பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று 1978-ல் இலக்கு வைத்தார்கள். நாற்பது வருடம் கழித்தும் அந்நாட்டுக் கட்டுமானக் கைத்தொழிலாளர்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். எண் இருந்தது, பயிற்சி இடங்களைத் திறக்கும் வேலை அதோடு சேர்ந்து நடக்கவில்லை. கைசர் ஆலையில் ஒதுக்கீடு வேலை செய்ததற்குக் காரணம் அது பயிற்சிக்குள் உட்கார்ந்திருந்தது.

ஒதுக்கீட்டுக்கு வழியில்லாத இடத்தில் இன்னும் மென்மையான ஒன்றைச் செய்யலாம். யார் தேர்வானார்கள் என்பதற்கு இலக்கு வைக்காமல், வேலைச் சோதனைக்கு யார் அழைக்கப்பட்டார்கள், முதல் வருடத்தில் யார் விலகினார்கள் என்ற எண்களை ஒவ்வொரு பிரிவுத் தலைவரின் காலாண்டு அறிக்கையில் கேட்பது.

## வகுப்பைப் பற்றி

மனதில் உள்ள பாகுபாட்டைப் போக்கும் கட்டாய வகுப்பு வாங்குவதற்குச் சுலபம், ஒரு நாளில் முடியும், போட்டோ எடுக்கலாம். அமெரிக்காவின் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையிலான தரவுகளை வைத்து 2006-ல் வந்த ஆய்வு, நிர்வாகப் பதவிகளில் பன்முகத்தன்மையைக் கூட்டுவதில் இத்தகைய வகுப்புகளுக்குப் பலன் மிகக் குறைவு என்று கண்டது. ஒரு குறிப்பிட்ட ஆளையோ குழுவையோ பொறுப்பாக்கியதுதான் அதிகம் உதவியது. வகுப்புக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் கையுறைக்கு மாற்றிவிடுங்கள்.

## எந்த நிலையில் எது

மெஷின் ஷாப்பில் பெண்களே இல்லை என்ற மேலாளர் முதலில் அந்த ஐந்தில் நான்கு கணக்கைப் போட வேண்டும். விண்ணப்பித்தவர்கள் தேர்வில் கழிந்தால் 2-வது வழி. விண்ணப்பமே இல்லையென்றால் 4-ஐ முடித்துவிட்டு 1-க்குப் போகலாம். வரிசை முக்கியம்: சாதனங்களும் கழிப்பறையும் தயாராகும் முன் ஆள் தேடப் போனால், முதலில் வருபவர்கள்தான் சோதனை எலிகள் ஆவார்கள், அவர்கள் சொல்லும் செய்திதான் ஊரில் நிற்கும்.

ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு இரண்டு கேள்விகள் தனித்தனி. ஆண் நர்ஸ்கள் தங்காததற்கு 4-வது வழி: தூக்கும் கருவி, உடைமாற்றும் இடம், "அவரைக் கூப்பிடு" பழக்கத்தை வேலைப் பங்கீட்டில் எழுதி நிறுத்துவது. மேல்மட்டத்தில் ஒரே மாதிரி முகங்கள் என்பதற்கு 3-வது வழி, நான்கு வருட நிதி உறுதியோடு. இரண்டாவதற்குப் பணம் இல்லையென்றால் பாதித் திட்டமாகத் தொடங்க வேண்டாம்.

பல ஆலைகள் உள்ள பெரிய நிறுவனம் 5-ஐ எடுக்கலாம், ஆனால் 3-க்குள் வைத்து.

கான்ட்ராக்டருக்கு: அடுத்த ஆளை எடுக்கும்போது சிபாரிசில் வந்தவருக்கும் வெளியாளுக்கும் ஒரே அரை நாள் வேலைச் சோதனை. விளம்பரத்தில் வேலை நேரமும் சம்பளமும் வெளிப்படையாக. வண்டியில் மூன்று அளவுக் கையுறை, இரண்டு அளவு ஹார்னெஸ். புதியவரை, கத்தாமல் சொல்லிக்கொடுக்கும் ஆளோடு ஜோடி சேர்ப்பது. அனுபவம் அதிகம் உள்ளவர் என்பதற்காக மட்டும் யாரோடும் சேர்க்காதீர்கள். கமிட்டியும் இலக்கும் ஆட்கள் நூறைத் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.